ஜால்ரா என்பது வசைச்சொல்லா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இசையைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். கேட்கத் தயங்கி விட்டுவிடுவேன்.

எனக்கு ராகம் தெரியாது. போன வருடம் நண்பர் டிக்கெட் கொடுத்தார் என்று இங்கே ஒரு சபாவுக்குக் கச்சேரி கேட்கப் போனேன். என்னை அறியாமல் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "தெரியலேன்னா சும்மா இருங்க, எனக்குத் தப்புது" என்றார். அதன் பிறகு எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை.

என் அம்மா எங்கள் காலனியில் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போகிறார். ஒருநாள் ஆள் குறைந்தது என்று என்னிடம் ஜால்ராவை நீட்டினார். "ஆபீஸ்லதான் ஜால்ரா போடறேன், இங்கேயுமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மா முகம் வாடிவிட்டது.

ரயிலில் போகும்போது காதில் பாட்டு ஓடுகிறது. எந்தப் பாட்டு என்றுகூடக் கவனிப்பதில்லை. இசை என்பது உண்மையில் என்ன? என்னைப் போன்றவனுக்கு அது பொழுதுபோக்கு என்பதற்கு மேல் எதற்கு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், டோம்பிவிலி)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசிக் கேள்வி இல்லை. அந்த ஜால்ரா.

நம் மொழியில் ஒருவரைத் தாழ்த்திப் பேச என்னென்ன சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஜால்ரா அடிக்கிறான். ஒத்து ஊதுகிறான். தாளம் போடுகிறான். பின்பாட்டுப் பாடுகிறான். நான்கும் இசையிலிருந்து வந்தவை. நான்கும், இன்னொருவர் பாடுவதற்காகத் தன் காதையும் கையையும் மூச்சையும் கொடுப்பவரைக் குறிப்பவை. அவர்களைத்தான் வசையாக்கி வைத்திருக்கிறோம். இது எனக்கு வெகுநாளாக உறுத்தல்.

ஒத்து என்பது ஒரு வாத்தியம். நாகஸ்வரம் போலவே நீளமாக இருக்கும், ஆனால் ஒரே ஸ்வரம்தான். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் ஒத்துக்காரர் பின்னால் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முன்னால் ஊதுகிறவர் நிறுத்தி எச்சில் விழுங்கலாம், சீவாளியை, அதாவது ஊதும் நாணல் துண்டை, மாற்றலாம், தவிலுக்கு இடம் விட்டு நிற்கலாம். ஒத்துக்காரர் நிறுத்தக் கூடாது. கன்னத்தில் காற்றை அடக்கி, ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுத்து, சுவாமி தெற்கு வீதி திரும்பும்வரை அந்த ஒரு ஸ்வரத்தைத் தாங்கிக்கொண்டு நடப்பார். இன்று மும்பையில் செம்பூர்ப் பக்கம் கல்யாணங்களில் அந்த வேலையைச் சுருதிப்பெட்டி பார்க்கிறது. ஒத்துக்காரர் போய்விட்டார், வசை மட்டும் தங்கிவிட்டது.

இதே ஜால்ராவை மராத்தியில் டாள் என்பார்கள். ஆஷாட ஏகாதசிக்கு ஆளந்தியிலிருந்தும் தேஹூவிலிருந்தும் பண்டரிபுரம் நடந்து போகிற வார்கரி பக்தர்களில், டாள் தட்டிப் போகிறவரை டாள்கரி என்று மரியாதையாகச் சொல்வார்கள். வரிசையாக நின்று நூறு கைகள் ஒன்றாகத் தட்டுகிறபோது யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. அவர்கள் பாடுகிற அபங்கங்களை, அந்த மராத்தி பக்திப் பாடல்களை, தஞ்சாவூர்ப் பக்கம் பஜனை மடங்களிலும் பாடுகிறார்கள். பாட்டை எடுத்துக்கொண்ட நாம் அந்த மரியாதையை எடுத்துக்கொள்ளவில்லை.

என் கணவர் 22 வருடம் உங்கள் ஊரிலிருந்து மும்பை வி.டி. ஸ்டேஷன் வரை லோக்கல் ரயிலில் போனவர். அந்தப் பெட்டியில் ஒரு பஜனைக் கோஷ்டி உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவருக்கு மராத்தி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். பாட வராது. முதல் வருடம் ஓரமாக நின்று கேட்டார். இரண்டாம் வருடம் யாரோ டாளைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

2005 ஜூலை 26 உங்களுக்கு நினைவிருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மாலை வண்டி குர்லாவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. விளக்கு போயிற்று. தண்டவாளம் தெரியவில்லை, தண்ணீர் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. கோஷ்டியில் அன்று நாலு பேர்தான். இருட்டில் மெதுவாகப் பாட ஆரம்பித்தார்கள். இவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன், கல்லூரியில் படிக்கிறவன், பயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இவர் டாளின் வேகத்தைக் குறைத்தார். பாடுகிறவர்களும் குறைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பையன் முழங்காலில் தட்டத் தொடங்கினான். தப்பும் தவறுமாக. பிறகு சேர்ந்துகொண்டான். மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தபோது இவர் இரண்டு ஆள்காட்டி விரலிலும் கயிறு அறுத்த கோடு சிவந்து கிடந்தது. "ராத்திரி பூரா தட்டினீங்களா?" என்றேன். "நிறுத்தினா அவன் தனியாயிடுவான்னு தோணிச்சு" என்றார்.

இசை என்ன என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான். நான் பல வருடம் வேறு பதில்களை வைத்திருந்தேன். இசை உணர்ச்சியின் மொழி என்று எழுதியிருக்கிறேன். மனசுக்கு மருந்து என்றும் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். மருந்து என்றால் குணமானதும் நிறுத்திவிடலாம். இசை, என் நம்பிக்கையில், ஒருவர் காலத்துக்குள் இன்னொருவர் போய் இருப்பது. அதற்கு முதலில் கேட்க வேண்டும். சுருதி என்ற சொல்லுக்கே கேட்கப்பட்டது என்றுதான் பொருள்.

மாட்டுங்காவில் நான் கொஞ்ச நாள் பாட்டு கற்றுக்கொண்டேன். என் குரல் ஒன்றும் தேறவில்லை. ஆனால் என் ஆசிரியை தம்புராவுக்குச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொடுத்தார். நாலு கம்பி: பஞ்சமம் (ப), இரண்டு சட்ஜம் (ச), கடைசியில் தடித்த மந்தர சட்ஜம், அதாவது கீழ் ச. கம்பியை முறுக்கும் பிரடையைத் திருகி ஓரளவு கொண்டுவந்த பிறகுதான் உண்மையான வேலை. குதிரை என்கிற கட்டைமேல் கம்பிக்கு அடியில் ஒரு பருத்தி நூல் இருக்கும், ஜீவா என்பார்கள். அதை நூலிழை அளவு தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் கம்பி செத்த மாதிரி இருக்கும். ஒரு மயிரிழை நகர்த்தினால் ரீங்காரம் எழும். பத்து நாள் கழித்து ஒரு காலையில், மந்தரக் கம்பி ஒலிக்கும்போது காந்தாரம், அந்த 'க' ஸ்வரம், கேட்டது. எந்தக் கம்பியும் காந்தாரத்துக்குச் சேர்க்கப்படவில்லை, யாரும் அதை மீட்டவில்லை. தானே வருவதால் ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். ஒரு கம்பி அதிரும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேலே மேலே அதிர்வுகளும் கூடவே பிறக்கின்றன. ஐந்தாம் மடங்கில் இருப்பது காந்தாரம். காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அன்று உண்டான மயிர்க்கூச்சு குறையவில்லை. கம்பிகள் ஒன்றுக்கொன்று உண்மையாக இருந்தால், அவற்றில் இல்லாத ஒன்று வந்து சேர்கிறது.

இது சபாவுக்கு மட்டும் உரியதில்லை. தாராவியில் மழைக்காலத்தில் வைக்கோல் கிடைக்காமல் அட்டைப்பெட்டியைக் கொளுத்திப் பறை காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காட்டுவார், தட்டுவார், காதருகே வைத்துக் கேட்பார், மறுபடி தீயில் காட்டுவார். தம்புராவின் முன்னால் என் ஆசிரியை உட்கார்ந்திருந்த அதே முகம். அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாம் இசையைப் பற்றிப் பேசியது பெரிய அநியாயம், அது இன்னும் தீரவில்லை.

ராகம் தெரியாதது ஒரு குறையே இல்லை. பெயர் பிறகு வரும், வராமலும் போகலாம். ஆனால் காதில் எது ஓடுகிறது என்று தெரியாமல் ஓடவிடுவதை நான் குறை என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துப் பாடியிருக்கிறார். தினமும் ஒரு பாட்டை, ஒன்றே ஒன்றை, கைபேசியைப் பையில் போட்டுவிட்டு முழுதாகக் கேளுங்கள்.

சபாவில் உங்கள் கையைப் பிடித்தவர் தவறு செய்தார். தாளம் தெரிந்தவர், பக்கத்தில் ஒருவர் தப்பவிடும்போது தன் கையைச் சற்று உயர்த்திக் காட்டியிருக்கலாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கற்றோம், முன்வரிசைக் கைகளைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை போங்கள். அம்மா இனி நீட்ட மாட்டார், நீங்களே கேட்டு வாங்குங்கள். கயிற்றை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், இறுக்க வேண்டாம். இரண்டு தட்டையும் நேருக்கு நேராக மோதினால் காற்று அடைபட்டுச் சத்தம் செத்துப்போகும். விளிம்போடு விளிம்பு, கொஞ்சம் சாய்த்து. முதல் பாட்டு முழுக்கத் தட்டாமல் அம்மாவின் வாயைப் பாருங்கள். இரண்டாவது பாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
அம்மா