திருகை இன்னும் இறுக்கினால் போதுமா? ஹேண்ட்கார்டு திரும்பிக்கொள்வது ஏன்

கேள்வி: அமெரிக்காவில் இலக்குச் சுடுதல் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். என் ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கியில் 15 அங்குல அலுமினிய ஹேண்ட்கார்டு (குழலைச் சுற்றி வரும் கைப்பிடி உறை) பொருத்தி, அதன் முனையில் பைபாட் (இரட்டைக்கால் தாங்கி) மாட்டியிருக்கிறேன். நூறு, நூற்றைம்பது குண்டு சுட்டதும் ஹேண்ட்கார்டு இலேசாக ஒரு பக்கம் திரும்பிவிடுகிறது. இறுக்கி இறுக்கி இரண்டு திருகுகளில் ஒன்றுக்கு மரையே போய்விட்டது. பெரிய திருகு போடுவதா, திருகு கழலாமல் இருக்க மரைப்பசை தடவினால் போதுமா?

பதில்: இரண்டும் கடைசியில் யோசிக்க வேண்டியவை. ஹேண்ட்கார்டைத் திரும்பாமல் பிடித்து வைத்திருப்பது திருகு அன்று. திருகு ஹேண்ட்கார்டின் பின்முனையில் உள்ள கவ்வியை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தால் கவ்விக்கும் பேரல் நட்டுக்கும் (குழலைத் துப்பாக்கியின் உடலோடு இறுக்கும் நட்டு) இடையே எழும் உராய்வுதான் பிடித்து வைத்திருக்கிறது. உராய்வு குறைந்த இடத்தில் எவ்வளவு பெரிய திருகைப் போட்டாலும் பயன் இராது. (கையில் எடுக்கும் முன் மேகசினைக் கழற்றி, அறையில் குண்டு இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.)

இந்தத் துப்பாக்கியின் பழைய அமைப்பில் ஹேண்ட்கார்டு இரண்டு துண்டுகளாக இருக்கும். பின்பக்கம் சுருள்வில் வளையமும் முன்பக்கம் குழலின் மேலுள்ள மூடியும் அவற்றைத் தாங்கும். இரு முனைகளிலும் தாங்கல் இருந்ததால் அது திரும்புவது பெரிய சிக்கலாக இல்லை. ஆனால் கை அழுத்தமும் பைபாட் அழுத்தமும் நேரே குழலுக்குப் போய்க் குறியைக் கெடுத்தன. உங்களுடையது குழலைத் தொடாத வகை. பின்முனையில் மட்டும் பிடிப்பு. மீதி முழுவதும் சுவரில் அடித்த ஆணியைப் போல அந்தரத்தில் நிற்கிறது. பிடிப்பிலிருந்து 35 செ.மீ. தள்ளி இருக்கும் பைபாடின் மேல் 5 கிலோ அளவுக்கு அழுத்தினால், கவ்வி நட்டைப் பற்றும் நீளம் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் ஓரங்களில் 35 கிலோவுக்குக் குறையாத விசை விழும். ஆகவே ஹேண்ட்கார்டு வாங்கும்போது கனத்தையும் நிறத்தையும் பார்ப்பதை விட, அது நட்டை எவ்வளவு நீளத்துக்குப் பற்றுகிறது என்று பார்ப்பதே மேல். விளம்பரங்களில் அந்த அளவு பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

திருகின் கணக்கு இது. 4 மி.மீ. திருகை 2 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால், உலர்ந்த மரையில் ஏறத்தாழ 2,500 நியூட்டன், அதாவது 250 கிலோ அளவு நெருக்கம் கிடைக்கும். நீங்கள் கொடுக்கும் முறுக்கில் பத்து முதல் பதினைந்து சதவீதம்தான் நெருக்கமாக மாறுகிறது. மீதி திருகின் தலையடியிலும் மரையிலும் உராய்வாகக் கரைந்துபோகிறது. மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்குக்கு நெருக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஈரமான மரைப்பசையும் எண்ணெயைப் போலவே வழுக்கும். தயாரிப்பாளர் உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவைப் பசை தடவிய மரையில் கொடுத்ததும் அலுமினிய மரை போவதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒன்று. திருகும் ஒரு வில்தான். முறுக்கும்போது அது நீள்கிறது, அந்த நீட்சிதான் நெருக்கத்தைத் தக்கவைக்கிறது. கவ்வியில் பிடிபடும் நீளம் 8 மி.மீ. மட்டுமே என்றால், 250 கிலோ இழுப்பில் அது நீள்வது ஏறத்தாழ 0.01 மி.மீ. தான். தலையடியில் உள்ள பூச்சும் பிசிறும் அதில் பாதி அளவு அமுங்கினாலே, கவ்வியின் வளைவில் சேமித்திருக்கும் நெகிழ்வு ஈடுகட்டாத பட்சத்தில், நெருக்கத்திலும் பாதி போய்விடும். இதனோடு வெப்பமும் சேர்கிறது. உருக்கு நட்டை விட அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும், 34 மி.மீ. விட்டத்தில் இரண்டும் 60 பாகை சூடேறினால் ஹேண்ட்கார்டு நட்டை விட 0.02 மி.மீ. கூடுதலாக அகலும். குளிர்ந்த நிலையில் கெட்டியாக இருந்த பிடிப்பு நூறு குண்டுகளுக்குப் பின் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகையால், திரும்புவதைத் தடுக்கும் வேலையை உராய்விடம் மட்டும் விடக் கூடாது. அதை ஒரு வடிவம் செய்ய வேண்டும். நல்ல ஹேண்ட்கார்டுகளின் பின்முனையில் இரண்டு காதுகள் நீண்டு, ரிசீவரின் (துப்பாக்கியின் உடற்பகுதி) மேல் உள்ள ரெயிலை, அதாவது உறுப்புகள் மாட்டும் மேட்டை, இருபுறமும் அணைத்து நிற்கும். குறுக்குத் திருகு நட்டில் வெட்டிய பள்ளத்தின் வழியே போனால், முன்னோக்கி நழுவுவதும் நின்றுவிடும். உங்களுடையதில் காதுகள் இல்லையென்றாலோ, அவற்றுக்கும் ரிசீவருக்கும் இடையே தாள் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, பழுது பார்ப்பதற்குச் செலவிடாமல் வேறொன்று வாங்குங்கள் என்பதே என் கருத்து.

காதுகள் சரியாக இருந்தால், போன மரைக்கு உருக்குக் கம்பிச் சுருள் மரை, அதாவது ஹெலிகாயில், போடச் சொல்லுங்கள்; வெறும் அலுமினிய மரையை விட அது வலுவானது, பழைய அளவுத் திருகையே போடலாம். நட்டின் வெளிப்பரப்பையும் கவ்வியின் உட்பரப்பையும் ஆல்கஹால் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடையுங்கள். திருகுகளை மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில், முறுக்கை அளந்து இறுக்கும் சிறிய டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கும் முன் மரையில் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு போதும்; தயாரிப்பாளரின் அளவு உலர்ந்த மரைக்கானது என்றால் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அது காற்றில்லாத இடத்தில் உலோகம் பட்டு இறுகுவதால், பூச்சிட்ட அலுமினியத்தில் மெதுவாகவே பிடிக்கும், ஒரு நாள் விட்டுவிடுங்கள். சிவப்புப் பசை வேண்டாம். அதைக் கழற்றக் கடும் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

பேரல் நட்டே அசைகிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்க ராணுவக் கையேடு அதற்குச் சொல்லும் முறுக்கு 30 முதல் 80 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 முதல் 108 நியூட்டன் மீட்டர். மரையில் மாலிப்டினம் கிரீஸ் தடவ வேண்டும். அலுமினியத்தை அரிக்கும் என்பதால் கிராஃபைட் கலந்தது ஆகாது. நட்டு அசைந்தால் துப்பாக்கித் தொழிலாளரிடம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும், ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து கவ்விக்கும், ஹேண்ட்கார்டிலிருந்து ரிசீவருக்கும் குறுக்கே பெயின்ட்டால் மெல்லிய கோடு போட்டு, ஐம்பது குண்டுகளுக்குப் பின் பாருங்கள். திருகின் தலையில் கோடு விலகியிருந்தால் திருகு கழல்கிறது. அங்கே கோடு நேராக இருந்தும் ரிசீவர் ஓரத்தில் விலகியிருந்தால் நெருக்கமோ காதோ போதவில்லை. இரண்டும் நேராக இருந்தும் குறி மாறுகிறது என்றால், பைபாட் மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள்.