போர்நிறுத்தச் செய்திகளில் எதைக் குறிப்பெடுப்பது?

கேள்வி: போட்டித் தேர்வு மாணவர்களுக்கு நடப்பு நிகழ்வுகள் சொல்லித் தருகிறேன். இஸ்ரேல் - பாலஸ்தீனச் செய்திகள் வந்தாலே திணறுகிறேன். காலையில் ‘ஒப்பந்தம் நெருங்கிவிட்டது’ என்கிறார்கள், மாலையில் ‘பேச்சு முறிந்தது’ என்கிறார்கள். ஒரே குண்டுவெடிப்புக்கு ஒரு சேனல் ஒரு தரப்பைக் குற்றம் சொல்கிறது, அடுத்த சேனல் மறுதரப்பை. வகுப்பில் எதைச் சொல்வது, எதை விடுவது?

பதில்: நீங்கள் திணறுவதில் ஆச்சரியமே இல்லை. இந்த மோதலில் பேச்சுவார்த்தை நடத்துகிறவர்களே செய்தியையும் கசியவிடுகிறார்கள். எதிர்த்தரப்பை நெருக்க, சொந்த நாட்டு மக்களைச் சமாளிக்க, பழியை அடுத்தவர் தலையில் கட்ட, எல்லாவற்றுக்கும் செய்தி தேவைப்படுகிறது. அதனால் எந்தச் செய்தியைப் பார்த்தாலும் இதைச் சொன்னது யார், ஏன் இன்றைக்குச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

2024 மே 6-ஐ எடுத்துக்கொள்வோம். எகிப்தும் கத்தாரும் கொடுத்த போர்நிறுத்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டதாக காஸாவை ஆண்டுவந்த பாலஸ்தீன இயக்கமான ஹமாஸ் அன்று மாலை அறிவித்தது. காஸாவின் தெற்கு நகரமான ராஃபாவில் மக்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள். ‘ஹமாஸ் சம்மதம்’ என்று எங்கு பார்த்தாலும் தலைப்பு. அந்தத் திட்டம் தங்கள் கோரிக்கைகளுக்கு வெகு தொலைவில் இருக்கிறது என்று அன்றிரவே இஸ்ரேல் சொல்லிவிட்டது. மறுநாள் காலை, எகிப்துக்குப் போகும் ராஃபா எல்லைக் கடவை இஸ்ரேலிய டாங்கிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. தலைப்பில் பொய் எதுவும் இல்லை. எந்த வரைவுக்குச் சம்மதம், அதற்கு மறுதரப்பு தலையாட்டியதா என்ற விவரம்தான் அதில் இல்லை. கொண்டாடியவர்களுக்கு அந்த விவரம்தான் வாழ்வா சாவா என்பதாக இருந்தது.

ஆகவே போர்நிறுத்தம் பற்றிக் குறிப்பெடுக்கும்போது அறிவித்த நாள், இஸ்ரேலிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த நாள், அமலுக்கு வந்த நாள் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 15-ஆம் தேதி தோஹாவில் கத்தார் பிரதமர் அறிவித்தார். அமைச்சரவை ஒப்புதல் 18-ஆம் தேதி அதிகாலைதான் கிடைத்தது. 19-ஆம் தேதி அமலுக்கு வந்தது. மார்ச் 18-இல் இஸ்ரேல் பெரிய அளவில் வான்தாக்குதலைத் தொடங்கியதோடு முறிந்தது. இந்தத் தேதிகள் இல்லாத ‘நெருங்கிவிட்டது’ எல்லாம் வெறும் எதிர்பார்ப்பு. அடுத்த திங்கட்கிழமைக்குள் போர்நிறுத்தம் வந்துவிடும் என நம்புவதாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் பைடனே சொன்னார். வரவில்லை.

அப்புறம், ‘பெயர் வெளியிட விரும்பாத மூத்த அதிகாரி’. இவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனியின் பில்ட் நாளிதழ், ஹமாஸின் பேச்சுவார்த்தை உத்தி என்று ஒரு ரகசிய ஆவணத்தை வைத்துச் செய்தி போட்டது. ஹமாஸ் பிடித்துவைத்திருந்த ஆறு பணயக்கைதிகளின் உடல்கள் கிடைத்து, ஒப்பந்தம் போடச் சொல்லி இஸ்ரேலில் மக்கள் தெருவில் இறங்கியிருந்த வாரம் அது. ஹமாஸுக்கு ஒப்பந்தத்தில் அக்கறையே இல்லை என்ற எண்ணத்தை அந்தச் செய்தி தந்தது. இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகுவும் அதை மேற்கோள் காட்டினார். இரண்டு மாதம் கழித்து, பிரதமர் தரப்பின் ஊடகப் பணியில் இருந்த ஒருவர் மீது அந்த ஆவணத்தைக் கசியவிட்டதாக இஸ்ரேலிய அரசுத் தரப்பே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பணயக்கைதிகள் விஷயத்தில் பொதுமக்கள் கருத்தை மாற்றுவதுதான் நோக்கம் என்று அதில் சொல்லப்பட்டது.

இதை 1978-உடன் வைத்துப் பாருங்கள். கேம்ப் டேவிட்டில் எகிப்து அதிபர் சாதாத்தையும் இஸ்ரேலியப் பிரதமர் பெகினையும் 13 நாள் உட்காரவைத்த அமெரிக்க அதிபர் கார்ட்டர், செய்தியாளர்களை உள்ளேயே விடவில்லை. அவருடைய செய்திச் செயலாளர் ஜோடி பவல் சொன்னது மட்டும்தான் வெளியே வந்தது. இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் நடத்திய 1993 ஓஸ்லோ பேச்சும் மாதக்கணக்கில் ரகசியமாகத்தான் நடந்தது. பேச்சு உண்மையிலேயே நகரும்போது பெரும்பாலும் செய்தி குறைந்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

இனி குண்டுவெடிப்புக் கேள்வி. 2023 அக்டோபர் 17 இரவு காஸாவின் அல்-அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு. இஸ்ரேலின் வான்தாக்குதல், நூற்றுக்கணக்கானோர் பலி என்று ஹமாஸ் நிர்வாகத்தில் இருந்த காஸா சுகாதார அமைச்சகம் சொல்ல, பெரிய ஊடகங்களே அதைத் தலைப்பாக்கின. இஸ்லாமிய ஜிஹாத் என்ற பாலஸ்தீன ஆயுதக் குழு ஏவிய ராக்கெட் தவறி விழுந்தது என்றது இஸ்ரேல். உண்மை தெரிவதற்குள் ராஜதந்திரம் கவிழ்ந்துவிட்டது. மறுநாள் ஜோர்டான் தலைநகர் அம்மானில் பைடன், ஜோர்டான் மன்னர் அப்துல்லா, எகிப்து அதிபர் சிசி, பாலஸ்தீன அதிபர் அப்பாஸ் நால்வரும் சந்திக்க இருந்த கூட்டத்தை ஜோர்டான் அன்றிரவே ரத்து செய்தது. ஆறு நாள் கழித்து, ஹமாஸ் தரப்பின் கூற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வகை ராக்கெட்டுடன் ஆதாரங்கள் பொருந்துகின்றன, முழு விசாரணை தேவை என்று நவம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு சொன்னது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் மாணவர்களுக்கு ஒரு பக்கம்தான் போய்ச்சேரும். 2022 மே 11-இல் மேற்குக் கரையின் ஜெனினில் அல் ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாலஸ்தீன ஆயுததாரிகள் சுட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்றார் அன்றைய இஸ்ரேலியப் பிரதமர் பென்னட். ஷிரீன் தங்கள் படையினரின் குண்டுக்கே தவறுதலாகப் பலியாகியிருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று இஸ்ரேலிய ராணுவம் ஒப்புக்கொண்டது செப்டம்பர் 5-இல். முதல் நாள் கூற்றை யார் சொன்னாலும் ‘இன்னார் சொல்கிறார்’ என்றே எழுதுங்கள். தமிழில் தலைப்பைச் சுருக்கும்போது இந்த ‘சொல்கிறார்’தான் முதலில் உதிர்கிறது.

நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால் இவ்வளவு குழப்பம் இருக்காது. 2023 அக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டுச் செய்தியாளர்கள் காஸாவுக்குள் சுதந்திரமாகச் செல்ல இஸ்ரேல் விடவில்லை. ராணுவத்தோடு போனால் மட்டும் அனுமதி. உள்ளே இருந்து எழுதியவர்கள் பாலஸ்தீனச் செய்தியாளர்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். அவர்கள் இல்லையென்றால் நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது. மத்தியஸ்தம் செய்யும் கத்தார்தான் அல் ஜசீராவுக்குப் பணம் கொடுக்கிறது என்பதையும், பாதுகாப்பு விஷயங்களில் இஸ்ரேலிய ஊடகங்கள் ராணுவத் தணிக்கைக்கு உட்பட்டவை என்பதையும் நினைவில் வைத்து, இரண்டையுமே படியுங்கள்.

எண்களுக்கும் தேதி போடுங்கள். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் 1,400 பேர் கொல்லப்பட்டதாக முதலில் சொன்ன இஸ்ரேல், பிறகு சுமார் 1,200 என்று திருத்தியது. 2024 மே மாதம் ஐ.நா.வின் மனிதாபிமான விவகார அலுவலகம் காஸாவில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையை 14,500-க்கு மேல் என்பதிலிருந்து 7,797 என மாற்றி வெளியிட்டதும், ‘ஐ.நா. பாதியாகக் குறைத்துவிட்டது’ என்று பரவியது. புதிய எண், அடையாளம் உறுதியான 24,686 பேரில் மட்டும் எண்ணியது. மொத்த இறப்பு 34,000-க்கு மேல் என்பது மாறவே இல்லை.

தேர்வில் ‘இந்தியாவின் நிலைப்பாடு’ வரக்கூடும். அதற்குத் தலையங்கங்களைத் தேட வேண்டாம், ஐ.நா. பொதுச்சபை வாக்குப்பதிவே போதும். 2023 அக்டோபர் 27: ஹமாஸின் பெயரைச் சொல்லிக் கண்டிக்கும் கனடாவின் திருத்தத்தை இந்தியா ஆதரித்தது, அது தோற்றது, மனிதாபிமானச் சண்டைநிறுத்தம் கோரிய மூலத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 12: உடனடிப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு, ஆதரித்த 153 நாடுகளில் ஒன்றாக. 2025 ஜூன் 12: போர்நிறுத்தம் கோரிய இன்னொரு தீர்மானத்தில் மீண்டும் விலகல். 2025 செப்டம்பர் 12: இரு நாடுகள் தீர்வை முன்வைத்த நியூயார்க் பிரகடனத்துக்கு ஆதரவு. ஒவ்வொரு வாக்குக்கும் இந்தியப் பிரதிநிதி கொடுத்த விளக்கத்தையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.