கருவாட்டுக் கையும் ஆர்ட் பேப்பரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்தபடியே டிசைன் வேலை செய்கிறேன். எங்கள் தெருப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கருவாடும் பனையோலைப் பெட்டியும் விற்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வேலை செய்து கொடுத்தேன். சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப்போக, நம் கடல் மீன்களைப் பற்றி 16 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம். அப்புறம் நெத்திலிக் கருவாட்டுப் பாக்கெட்டுக்கு ஒரு லேபிள்.

புத்தகத்துக்கு 130 ஜி.எஸ்.எம். (தாளின் எடைக் கணக்கு) கிளாஸ் ஆர்ட் பேப்பர். அட்டை 300 ஜி.எஸ்.எம்., வெளிப்பக்கம் மட்டும் கிளாஸ் லேமினேஷன் (பளபளப்பான பிளாஸ்டிக் படலம்), நடு மடிப்பில் சென்டர் பின். வெளியூரில் கொடுத்து 500 பிரதி அடித்தோம். வந்த அன்று எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை, திரையில் பார்த்த கடல் நிறம் அதில் இல்லை. கடையில் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அட்டைகள் தானாகத் திறந்து வளைந்து நிற்கின்றன. பின் துருப்பிடித்துவிட்டது. வெயிலில் வைத்துப் படித்தால் கண் கூசுகிறது. லேபிளில் பேனாவால் தேதி எழுதினால் அழிந்துபோகிறது.

"டிசைன் நன்றாக இருந்தால் எந்தப் பேப்பரிலும் நிற்கும். பேப்பரும் ஃபினிஷிங்கும் அச்சகத்துக்காரர் பாடு" என்கிறார் நண்பர் ஒருவர். அது சரியா? அடுத்த முறை எதை மாற்றுவது? குழுவிடம் பணம் அதிகமில்லை.

பின்குறிப்பு: அச்சகத்தில் அட்டைக்கு வெல்வெட் லேமினேஷன் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

* * *

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கயிற்றில் உங்கள் புத்தகங்கள், கீழே பாயில் கருவாடு. இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருக்கின்றன. சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைவிடக் கேவலமாக நான் மாட்டியிருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் நண்பருக்கு. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்தில் பஸ் ஸ்டாண்டில் கையில் திணிப்பார்களே பிட் நோட்டீஸ், அதை நினைத்துப் பாருங்கள். மெல்லிசான ரோஸ் தாள், அல்லது மஞ்சள் தாள். ஒரே ஒரு கறுப்பு மை. நம் கரையில் நான் பார்த்த காகிதத் தேர்வுகளில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். வண்ணத்துக்கென்று தனியாக ஒரு பைசா செலவு கிடையாது, தாளே வண்ணத்தைத் தந்துவிடுகிறது. தூரத்திலிருந்தே நோட்டீஸ் என்று தெரிகிறது. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம், அன்றைக்கு மறுநாள் தூக்கிப்போடலாம். ஆக, மலிவான பேப்பரிலும் டிசைன் நிற்கும். ஆனால் அதை "எந்தப் பேப்பரிலும்" என்று நீட்டிவிட முடியாது. அந்த நோட்டீஸை 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டில் லேமினேஷன் போட்டு அடித்தால் யாரும் வாங்க மாட்டார்கள், ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று தயங்குவார்கள்.

உங்கள் புத்தகத்தில் தப்பு நடந்தது அச்சகத்தில் இல்லை. கணினியில் படத்தை வைத்து, எழுத்தை வைத்து, எல்லாம் முடிந்த பிறகு "பேப்பர் என்ன போடலாம்?" என்று கேட்டிருப்பீர்கள். அவர்களும் வழக்கமாக என்ன போடுவார்களோ அதைச் சொல்லியிருப்பார்கள். நாம் அந்தக் கேள்வியோடுதான் உட்கார வேண்டும். இந்தப் புத்தகத்தை யார் எடுப்பார், எப்படிப்பட்ட கையால் எடுப்பார்? உங்கள் கடையில் அதை முதலில் எடுப்பது விற்கிற அக்கா. அவர் கையில் உப்பும் ஈரமும் மீன் எண்ணெயும் இருக்கும். அடுத்து எடுப்பவர் குருசடைத் தீவுக்குப் படகில் போகப்போகிறவர்.

அட்டை ஏன் வளைந்தது என்பதைப் பார்ப்போம். காகிதம் என்பது நார். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் உப்பும். நாரின் நீளவாக்கில் உப்புவதைவிட அகலவாக்கில் உப்புவது அதிகம். உங்கள் அட்டையின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் படலம், அது ஈரத்தைக் குடிக்காது. உள்பக்கம் வெறும் காகிதம், பாம்பன் காற்றை இரவு பகலாகக் குடிக்கிறது. உள்பக்கம் விரிய, வெளிப்பக்கம் விரிய மறுக்க, அட்டை படலம் இருக்கும் பக்கமாக வளைந்து வாயைத் திறக்கிறது. இதே அட்டை மதுரையில் ஏ.சி. கடையில் இருந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது. கடலோரத்துக்கு ஒருபக்க லேமினேஷன் ஆகாது. போட்டால் இரண்டு பக்கமும் போட வேண்டும், இல்லையென்றால் போடவே கூடாது.

உள்தாளுக்கு வருவோம். ஆர்ட் பேப்பர் என்பது காகிதத்தின் மேல் வெள்ளைக் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் பசையோடு கலந்து பூசி, இழைத்து வழவழப்பாக்கிய தாள். மை உள்ளே இறங்காமல் மேலேயே உட்காரும், அதனால் புகைப்படம் பளிச்சென்று வரும். ஆனால் அதே வழவழப்புதான் வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. இன்னொன்று, இது உங்களுக்கு இன்னும் நேரவில்லை என்று நினைக்கிறேன்: படகில் அலை தெறித்து இந்தத் தாள் நன்றாக நனைந்துவிட்டால், காயும்போது அந்தப் பூச்சுப் பசை பக்கத்தோடு பக்கத்தை ஒட்டிவிடும். புத்தகம் செங்கல் ஆகிவிடும். பிரிக்கப்போனால் படம் உரிந்து வரும். பூச்சில்லாத தாள் நனைந்தால் நெளியும், அழுக்காகும், ஆனாலும் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது மேப்லித்தோ, பூச்சில்லாத அச்சுத்தாள். நேச்சுரல் ஷேட், அதாவது லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை, கிடைத்தால் இன்னும் நல்லது, கண் கூசாது. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் இருக்கிறதே, தமிழக அரசு 1979-இல் தொடங்கிய காகித நிறுவனம், அவர்கள் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளும் இந்த வகைதான். 100 ஜி.எஸ்.எம். போதும். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு மட்டும்தான், தடிமன் கிடையாது. பூச்சு கனமானது, அதோடு இழைத்து அழுத்தியும் விடுகிறார்கள். அதனால் 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பரைவிட 100 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ கைக்குத் தடிமனாகவே தெரியும். நம்பிக்கை இல்லையென்றால் இரண்டிலும் பத்துத் தாள் வாங்கி அடுக்கிப் பாருங்கள்.

இங்கேதான் நீங்கள் மறுபடி டிசைன் செய்ய வேண்டியிருக்கும். மேப்லித்தோ மையை உறிஞ்சும். அச்சின் புள்ளிகள் கொஞ்சம் பரவும். இப்போதுள்ள புகைப்படங்களை அப்படியே அடித்தால் நிழல் பகுதிகள் எல்லாம் இருட்டிப்போகும், கறுப்புப் பின்னணியில் விட்ட சின்ன வெள்ளை எழுத்தின் சுழிகள் அடைந்துவிடும். அதைப் பேப்பரின் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புகைப்படத்தை விட்டுவிட்டுக் கோட்டோவியத்துக்குப் போங்கள். ஊளி, பாறை, நெத்திலி, சூடை எல்லாவற்றையும் கையால் வரைந்து கறுப்பும் ஒரு நீலமும் மட்டும் வைத்து அடிக்கலாம். கோட்டோவியத்தில் செதில் எங்கே, துடுப்பு எங்கே என்று தெளிவாகக் காட்டலாம். அடையாளம் கண்டுபிடிக்கும் புத்தகத்துக்கு அதுதானே வேண்டும்? புகைப்படத்தில் பாதி மீன்கள் வெறும் வெள்ளிப் பளபளப்பாகத்தான் இருக்கின்றன, நீங்கள் அனுப்பிய பி.டி.எஃப்.பிலேயே பார்த்தேன்.

அந்தக் கடல் நிறத்துக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. திரை ஒளியை வீசுகிறது, தாள் தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. குந்துகாலில் மத்தியான வெயிலில் தெரியுமே ஒரு பச்சை நீலம், திரை அதை ஓரளவுக்குக் காட்டிவிடும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையைக் கலந்து அந்தப் பளிச்சைப் பிடிக்க முடியாது. எந்த அச்சகத்தில் கொடுத்தாலும் இதுதான். இரண்டே மையில் அடிக்கிறீர்கள் என்றால் அந்த இரண்டாவது மையை, தனியாகக் கலந்த ஒரு பச்சை நீலமாகவே கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சுத் தகடு, அதுதான் பிளேட். நாலு பிளேட்டுக்குப் பதில் இரண்டு பிளேட். 500 பிரதிக்கு பிளேட்டும் மிஷின் ஓட்டும் கூலியும்தான் பெரிய செலவு, தாளின் பங்கு சின்னது. தாளை மாற்றுவதால் கையைக் கடிக்காது. குந்துகால் கடல் அப்படியே வந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது வந்திருக்கிற அழுக்கு நீலம் வராது.

பின்னுக்கு ஒரு வழி உண்டு. பின் இரும்புக் கம்பி, உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? 16 பக்கம் என்றால் நாலு தாள், அதோடு ஒரு அட்டை. இதைத் தையல் மெஷினிலேயே நடுவில் ஒரு தையல் ஓட்டிவிடலாம். பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் கொஞ்சம் அதிகமாக வையுங்கள், நெருக்கமாகத் தைத்தால் தாள் ஓட்டை வழியே கிழியும். உங்கள் குழுவில் தையல் மெஷின் இல்லாத வீடு இருக்கிறதா என்ன? அச்சகத்துக்குக் கொடுக்கும் பைண்டிங் கூலி குழுவுக்கே போகட்டும். பச்சை நீல நூலில் தைத்தால் அதுவே ஒரு ஃபினிஷிங். அட்டைக்குப் பூச்சில்லாத 250 ஜி.எஸ்.எம். போர்டு, லேமினேஷன் எதுவும் வேண்டாம். அழுக்குப்படும், படட்டும். படகுக்கு மட்டும் தனியாக ஒரே ஒரு அட்டை, கிழியாத பிளாஸ்டிக் தாளில், பத்து மீன் படத்தோடு, கயிறு கோத்துத் தொங்கவிடுகிற மாதிரி அடித்துவிடுங்கள்.

லேபிள் கதை வேறு. அங்கே பேப்பரே வேண்டாம் என்பேன். கருவாட்டின் எண்ணெய் எப்படியும் பேப்பர் ஸ்டிக்கரில் ஏறிவிடும். பி.பி. ஸ்டிக்கர் என்று கேளுங்கள், பாலிப்ரோப்பிலீன், பாக்கெட்டின் அதே குடும்பம். அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் போடச் சொன்னால் தேதி எழுதும் கட்டத்தை மட்டும் பூச்சில்லாமல் விடச் சொல்லுங்கள். உங்கள் பேனா வழுக்கியது அந்தப் பூச்சில்தான். ரப்பர் ஸ்டாம்பு மையும் அதில் காயாது. பூச்சை விட்டாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான், பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழியாத மார்க்கரால் எழுதுங்கள். பேக் செய்த தேதி, உணவுத் துறை உரிமத்தின் 14 இலக்க எண் எல்லாம் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். உங்கள் லேபிளில் அந்த எண் அலைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அழகான அலைதான், ஆனாலும் கீழே இறக்குங்கள்.

இனி என் கதை. ரொம்ப வருடம் முன்பு கீழக்கரையில் எங்கள் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். பத்திரிகை டிசைன் நான். கரும்பச்சை முழுக்க நிரப்பிய ஆர்ட் போர்டு, நடுவில் மடிப்பு, மேலே தங்க ஃபாயில். ஃபாயில் என்றால் தங்கம் ஒன்றும் இல்லை, மெல்லிய படலத்தில் ஏற்றிய அலுமினியத்தின் மேல் மஞ்சள் சாயம், அதைச் சூடான அச்சால் அழுத்தி ஒட்டுவது. தங்க மையைவிட அது மேல், தங்க மை பித்தளைத் தூள், நாளாக நாளாகக் கறுக்கும். இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். தெரியாதது மடிப்பு. பத்திரிகை வந்தது, மடித்த இடமெல்லாம் பச்சை வெடித்து வெள்ளைக் கோடு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பழசைக் கொண்டுவந்திருக்கீங்களா தம்பி?" என்றார். கொழும்புக்கும் துபாய்க்கும் போக வேண்டிய பத்திரிகைகள். ராத்திரி முழுக்கப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு மடிப்பாகத் தீற்றினோம், வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும்.

அச்சகத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் தெரிந்தது, தாளில் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடிப்பு வருகிற மாதிரி நான்தான் வடிவம் போட்டிருக்கிறேன். மடிப்புக்கு முன் கிரீசிங் போடச் சொல்லவும் இல்லை, அதாவது மடியும் இடத்தில் முன்கூட்டியே அழுத்திப் பள்ளக்கோடு போடுவது. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஓலைப் பெட்டி முடைகிற ஊர். ஓலையை நார் போகிற போக்கில் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே மடித்தால் ஒடியும். தாளும் அப்படித்தான். ஒரு துண்டை இரண்டு பக்கமும் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழிகிற பக்கம்தான் நார் ஓடும் திசை. அச்சகத்தில் கிரைன் என்பார்கள். புத்தகமென்றால் அது முதுகுக்கு இணையாக ஓட வேண்டும்.

எழுத்தைப் புடைக்க வைக்கிற எம்பாஸ், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளப்புப் பூசுகிற ஸ்பாட் யு.வி. எல்லாம் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். ஃபாயிலோ எம்பாஸோ எப்போதாவது செய்தால் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். ண, ணை, ஞ மாதிரி எழுத்துகளின் சுழி சின்ன அளவில் அடைந்துபோகும். ஆங்கில மாதிரியைப் பார்த்து அளவு முடிவு செய்கிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அதே தாளில், அதே அட்டையில், அதே நூலில் வெறும் வெள்ளையாக ஒரு டம்மி தைத்து உங்கள் கடையில் அந்தக் கயிற்றிலேயே ஒரு வாரம் தொங்கவிடுங்கள். இரவு உள்ளே எடுத்து வைக்க வேண்டாம். விற்கிற அக்காவைத் தினமும் நாலு தடவை எடுத்துப் புரட்டச் சொல்லுங்கள், கையைத் துடைக்காமல்.

வெல்வெட் லேமினேஷன் வேண்டாம். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும், உண்மைதான். கருவாட்டுக் கை ஒரு தடவை பட்டால் அஞ்சு விரலும் அதில் அப்படியே தெரியும், அப்புறம் போகாது.

அன்புடன்,
அண்ணன், கீழக்கரை