புதிய தொலைக்காட்சி, பழைய வட்டு: பிளேயரை மாற்றினால் படம் தெளியுமா?

கேள்வி: சென்ற தீபாவளிக்கு 55 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கினோம். எங்களிடம் பழைய தமிழ்ப்பட டிவிடிகள் நிறைய உள்ளன. 2004-இல் நடந்த மகளின் திருமணப் பதிவும் டிவிடியில்தான் இருக்கிறது. பழைய பிளேயரை மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளால் இணைத்துப் பார்த்தால் எல்லாமே மங்கலாகத் தெரிகிறது. மணப்பெண்ணின் சேலைக் கரையில் வானவில் நிறங்கள் நெளிகின்றன. முகங்களும் அகன்று காணப்படுகின்றன. 4கே புளூ-ரே பிளேயர் வாங்கினால் பழைய வட்டுகளும் 4கே தரத்தில் தெரியும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: ஐயா, இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகளில் இரண்டு, பிளேயரை மாற்றாமலே தீரக்கூடியவை.

சேலைக் கரையில் நெளியும் வானவில்லுக்குக் காரணம் அந்த மஞ்சள் கம்பிதான். படத்தின் ஒளியையும் நிறத்தையும் அது ஒரே சமிக்ஞையாகக் கலந்து அனுப்புகிறது. தொலைக்காட்சி அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும். சரிகையின் நெருக்கமான இழைகள் போன்ற நுண்ணிய கோடுகள் வரும்போது, ஒளியில் ஏற்படும் வேகமான ஏற்ற இறக்கத்தை நிறம் என்று தொலைக்காட்சி தவறாக எடுத்துக்கொள்கிறது. பழைய 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சியிலும் இதே பிழை இருந்தது. திரை சிறியதாக இருந்ததால் கண்ணில் படவில்லை. உங்கள் பிளேயரின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துளை (படத்தையும் ஒலியையும் டிஜிட்டலாக ஒரே கம்பியில் அனுப்புவது) இருந்தால் அதற்கான கம்பி ஒன்றை வாங்கி இணைத்தாலே போதும், நெளிவு மறைந்துவிடும். துளை இல்லாவிட்டால் மட்டும், எச்.டி.எம்.ஐ. உள்ள சாதாரண டிவிடி பிளேயர் ஒன்றை வாங்குங்கள்.

அடுத்து முகங்கள். அக்காலத் திருமணப் பதிவுகள் பெரும்பாலும் 4:3 அளவில், அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்று எடுக்கப்பட்டவை. உங்கள் தொலைக்காட்சி அதை 16:9 திரை முழுவதும் இழுத்து நிரப்புகிறது. ரிமோட்டில் பட அளவை 4:3 என்று மாற்றினால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும், ஆனால் உங்கள் மகள் அன்று இருந்தபடியே தெரிவார். திரைப்பட வட்டுகளுக்கு இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். பிளேயரின் அமைப்புப் பட்டியலில் ‘டிவி டைப்’ என்ற இடத்தில் பழைய தொலைக்காட்சிக்காக வைத்த ‘4:3 லெட்டர்பாக்ஸ்’ (மேலும் கீழும் கறுப்புப் பட்டை இட்டுப் படத்தைச் சுருக்கும் அமைப்பு) இன்னும் அப்படியே இருந்தால், அகலத்திரை வட்டின் 576 வரிகளில் 432 மட்டுமே வெளியே வரும். அதை 16:9 ஆக்குங்கள். நான்கில் ஒரு பங்கு நுணுக்கம் செலவில்லாமல் திரும்பக் கிடைக்கும். பலரும் தொடாமல் விட்டுவிடும் அமைப்பு இது.

இனி கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். நம் நாட்டு முறையில் பதிவான டிவிடியின் ஒரு படத்தில் 720க்கு 576, அதாவது ஏறத்தாழ 4 லட்சத்து 15 ஆயிரம் படப்புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் இருப்பவை ஏறத்தாழ 83 லட்சம், சரியாக இருபது மடங்கு. எனவே திரையிலுள்ள இருபது புள்ளிகளில் பத்தொன்பதை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணித்தே நிரப்ப வேண்டும். அந்தக் கணிப்பைப் பிளேயரும் செய்யலாம், தொலைக்காட்சியும் செய்யலாம். இன்றைய நல்ல தொலைக்காட்சிகள் அதைத் திறமையாகவே செய்கின்றன. விலை உயர்ந்த பிளேயர் ஓரங்களைச் சற்றுச் சீராக்கும், அசைவில் தோன்றும் சீப்புப் பல் போன்ற கோடுகளைக் குறைக்கும். கேமரா பதியாத நுணுக்கத்தை அதனாலும் கொண்டுவர முடியாது. மூன்று படங்களை ஒரே வட்டில் திணித்து விற்றார்களே, அவற்றில் கட்டம் கட்டமாகச் சிதறும் படத்தை எந்தப் பிளேயரும் காப்பாற்றாது.

புளூ-ரே வட்டுகளையே வாங்கப் போகிறீர்கள் என்றால் என் பதில் மாறும். டிவிடியில் படத்துக்கான தரவு நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட், புளூ-ரேயில் 40. 55 அங்குலத் திரையில் இந்த வேறுபாடு முதல் காட்சியிலேயே தெரியும். ஆனால் சென்னைக்குச் சென்று வாங்கி வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புளூ-ரே வட்டுகளுக்கு உலகை மூன்று விற்பனை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மலேசியா ‘ஏ’ மண்டலம், இந்தியா ‘சி’ மண்டலம். மண்டலப் பூட்டு உள்ள இந்திய வட்டு இங்கு விற்கும் பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே புளூ-ரே வட்டுகளுக்கு மண்டலத் தடை கிடையாது. எனினும் அந்த வடிவில் தமிழ்ப் படங்கள் மிக அரிது.

புதிய பிளேயருக்கு ஒதுக்கிய பணத்தில் வேறொன்று செய்யச் சொல்வேன். வீட்டில் பதிந்த டிவிடிகள் கடையில் விற்கும் அச்சு வட்டுகளைப் போன்றவை அல்ல. அவற்றின் சாயப் பூச்சு வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். ஒரு நாள் திருமண வட்டு படிக்காமலே நின்றுவிடலாம். அதற்கு முன்பே அதிலுள்ளதை மறுபடி சுருக்காமல் அப்படியே வன்தட்டில் நகலெடுத்து, இன்னொரு நகலை மகள் வீட்டிலும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய படங்களின் விசிடிகள் உள்ளன. புளூ-ரே பிளேயரில் அவை ஓடுமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, பல புளூ-ரே பிளேயர்கள் விசிடியை ஏற்பதில்லை, சாதாரண டிவிடி பிளேயர்களில் பெரும்பாலானவை ஏற்கும். ஓடினாலும், 352க்கு 288 புள்ளிகளே கொண்ட படம் என்பதால் பெரிய திரையில் மங்கலாகத்தான் இருக்கும். சற்றுத் தள்ளி அமர்ந்து பார்ப்பது உதவும். வாங்கப் போகும்போது ஒரு விசிடியைக் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.