கம்பெனி திவாலானால் சாதாரணப் பங்குதாரருக்கு ஏதாவது தேறுமா?

கம்பெனி, திவால் வழக்குகளை விசாரிக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு (என்சிஎல்டி) போன பிறகும் பங்கு சில ரூபாய்க்குக் கைமாறிக்கொண்டிருக்கிறது, வைத்திருந்தால் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

காரணம் 2016 திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு. சொத்துகளை விற்று வரும் பணத்தில் முதலில் நடவடிக்கைச் செலவு முழுதாகக் கழியும். அடுத்து, தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும், அடமானச் சொத்தைத் தனியே விற்றுக்கொள்ளாமல் பொதுக் கணக்குக்கு விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் சம வரிசையில். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், அடமானமில்லாக் கடன்கள், அரசுக்கான இரண்டு வருட நிலுவை, மீதிக் கடன்கள், முன்னுரிமைப் பங்குதாரர்கள். சாதாரணப் பங்குதாரர் கடைசிப் பந்தி. மேலே உள்ள ஒருவருக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் இங்கே இலை விழாது.

கம்பெனியைக் கலைக்காமல் வேறொருவர் வாங்கினாலும் கணக்கு இதுதான். ஏற்கப்பட்ட கடன் எவ்வளவு, வாங்குபவர் தருவது எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். வீட்டுக்கடன் கம்பெனியான டிஹெச்எஃப்எல்லில் கடன் கோரிக்கை சுமார் 87,000 கோடி ரூபாய். அதை வாங்கிய பிரமல் குழுமம் கொடுத்தது 34,250 கோடி. கடன் கொடுத்தவர்களுக்கே பாதிக்கு மேல் நட்டம் என்றால் பங்குக்கு ஏது மதிப்பு? 2021-இல் பங்குகள் பூஜ்ய மதிப்பில் ரத்தாகி, சந்தைப் பட்டியலிலிருந்து நீங்கின. பிரமல் வருகிறது என்ற செய்தியைப் பார்த்துக் கடைசி நேரத்தில் வாங்கியவர்களுக்கும் அதே பூஜ்யம்தான். பெரிய பெயர் ஏலம் கேட்டால் கம்பெனி பிழைக்கும், சரி. உங்கள் பங்கும் பிழைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே! யார், எவ்வளவுக்கு, எப்படி வாங்குகிறார் என்று சொல்லும் தீர்வுத் திட்டத்துக்குப் பங்குதாரர் ஓட்டும் தேவையில்லை. ஒப்புதல் கிடைத்ததாகவே சட்டம் கருதிக்கொள்ளும்.

விதிவிலக்காக எல்லோரும் காட்டுவது சமையல் எண்ணெய்க் கம்பெனியான ருச்சி சோயா. 2019-இல் பதஞ்சலி 4,350 கோடிக்கு வாங்கியபோது பழைய பங்குகள் 100-க்கு 1 என்று சுருக்கப்பட்டன. 1,000 பங்கு வைத்திருந்தவர் கையில் 10 மிஞ்சியது. 2020-இல் மறுபடி வர்த்தகம் தொடங்கி, சில மாதங்களில் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியது உண்மைதான். ஆனால் ஏறக்குறைய 99 சதவீதம் பங்கு பதஞ்சலி தரப்பிடம் இருந்தது. சந்தையில் புழங்கிய சொற்பப் பங்குக்கு வந்த விலை அது. அந்த 10 பங்குகூடச் சட்டம் தந்த உரிமையல்ல, திட்டத்தில் விட்டுவைக்கப்பட்டது. இன்னொரு கம்பெனியில் அப்படி எழுதுவார்கள் என்று நம்பிக் காத்திருப்பது சூதாட்டம்.

எனவே பங்குச்சந்தைத் தளத்தில் கம்பெனியின் அறிவிப்புகளைப் படியுங்கள். தீர்வுத் திட்டத்தின் சுருக்கத்தில் 'மூலதனக் குறைப்பு' (பழைய பங்குகளை ரத்து செய்வது அல்லது சுருக்குவது), 'பட்டியல் நீக்கம்' என்ற சொற்கள் இருக்கின்றனவா, பொதுப் பங்குதாரருக்கு வெளியேறும் விலை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். கடனுக்கும் வாங்குபவர் தருவதற்கும் இடைவெளி பெரிதென்று தெரிந்தால், வர்த்தகம் நிற்பதற்குள் கிடைத்த விலைக்கு விற்பதே மேல்.

விற்பதில் இன்னொரு லாபமும் உண்டு. விற்றதற்குத் தரகர் தரும் ஒப்பந்தச் சீட்டு கையில் இருப்பதால் நட்டத்தை வருமான வரியில் காட்டுவது எளிது. பங்கு ரத்தான பிறகு காட்டினால் அதிகாரி கேள்வி கேட்க வாய்ப்புண்டு. குறுகிய கால நட்டத்தை இருவகை மூலதன லாபத்திலும் கழிக்கலாம், நீண்ட கால நட்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும். மீதியை 8 வருடம் வரை கொண்டுபோகலாம், ஆனால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.