உப்புநீர் மீன்தொட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 100 லிட்டர் தொட்டியில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, இரண்டு நாள் ஃபில்டரை ஓடவிட்டு, நான்கு கோமாளி மீன்களை விட்டோம். தண்ணீர் தெளிவாக இருந்தும் ஒரு வாரத்துக்குள் மூன்று இறந்துவிட்டன. காரணம் என்ன?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: அம்மோனியாவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு நிறம் கிடையாது என்பதால், தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. மீனின் செவுள் வழியாகவும், அதன் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதாலும் அம்மோனியா இடைவிடாமல் தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும், அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் வேறு வகைப் பாக்டீரியாக்களும் ஃபில்டரிலும் கல்லிலும் மணலிலும் ஒட்டிப் பெருகிய பிறகுதான் தொட்டி மீனைத் தாங்கும். அதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். உங்கள் ஃபில்டர் அந்த இரண்டு நாளில் தண்ணீரைச் சுற்றவிட்டதே தவிர, வேறொன்றும் செய்திருக்காது.

நன்னீர்த் தொட்டியில் இதே அவசரத்தைக் காட்டித் தப்பித்தவர்கள் உண்டு. கடல்நீரில் அது நடக்காததற்குக் காரணம் பி.எச். அளவு, அதாவது நீரின் அமில-காரத்தன்மை. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் மீனைக் கொல்வது அயனியாகாத, அதாவது மின்னேற்றம் இல்லாத வடிவம். பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்த அம்மோனியாவில் இதன் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 8.2 உள்ள கடல்நீரில் ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும், மதுரை வெயிலில் தொட்டி சூடேறினால் இன்னும் கூடும். நைட்ரைட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. கடல்நீரில் மிகுந்திருக்கும் குளோரைடு அது செவுளுக்குள் நுழைவதைப் பெருமளவு தடுத்துவிடுவதால், நன்னீரைப்போல் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

மிஞ்சியிருக்கும் ஒரு மீனைக் காப்பாற்ற, அதே உப்பளவும் வெப்பமும் கொண்ட புதுத் தண்ணீரால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை இன்றே மாற்றுங்கள். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் சிட்டிகையளவு போட்டால் போதும். அம்மோனியாவைத் தினமும் சோதித்து, அளவு தெரியும்போதெல்லாம் மறுபடி மாற்றுங்கள். கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கிகளில் பல வெறும் தயோசல்ஃபேட். அவை குளோரினை நீக்குமே ஒழிய, அம்மோனியாவைத் தொடாது. ஃபில்டர் பஞ்சு அழுக்கானால் குழாயடியில் பிழியாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்நீரின் குளோரின் பட்டால் இத்தனை நாள் வளர்ந்த பாக்டீரியாவும் போய்விடும்.

சோதனைக் குழாயைப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். சொட்டு மருந்து விட்டதும் மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை, பச்சையாக மாறினால் இருக்கிறது என்று காட்டும் டெஸ்ட் கிட்டுகளே இங்கு அதிகம் புழங்குகின்றன. இரவில் மஞ்சள் பல்பின் கீழ் பார்த்தால் வெளிர்பச்சையும் மஞ்சளும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மீது வைத்து, கடல்நீருக்கெனக் கொடுத்திருக்கும் வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்த முறை மீனே இல்லாமல் தொடங்குங்கள். அம்மோனியம் குளோரைடைக் கலந்து அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குக் கொண்டுவந்தால், அது 24 மணி நேரத்தில் பூச்சியமாகி, நைட்ரைட்டும் பூச்சியமாகி, நைட்ரேட் மட்டும் தெரிகிற நாளில் தொட்டி தயார். முதலில் இரண்டு மீன்கள் போதும். 100 லிட்டருக்கு நான்கு கோமாளி மீன்கள் என்பதே அதிகம். ஒரு ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை விரட்டி விரட்டிக் கடிக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீரையே பயன்படுத்தலாமா? தொட்டியில் குறையும் நீரையும் அதைக்கொண்டே நிரப்பலாமா? கரையில் கிடக்கும் பவளக் கற்களைப் போடலாமா?
– வாசகி ஒருவர், தூத்துக்குடி

பதில்: முதல் கேள்விக்கு, கவனத்தோடு ஆம். துறைமுகம், ஓடை முகத்துவாரம் இவற்றிலிருந்து விலகிய இடத்தில் எடுத்து, துணியில் வடிகட்டி, உப்பளவைப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது எடுக்காமலிருப்பதே மேல்.

இரண்டாவதற்கு, கூடவே கூடாது. ஆவியாவது நன்னீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டரில் 10 லிட்டர் ஆவியானால் உப்பு ஏறக்குறைய 39 கிராமாகும். அதைக் கடல்நீரால் நிரப்பினால் 38.5-இல் நிற்கும், அடுத்தடுத்து நிரப்ப நிரப்ப ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அந்த மட்டம் வரை தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். உப்பளவு பார்க்கும் முள் ஆடும் ஹைட்ரோமீட்டரில் காற்றுக்குமிழி ஒட்டினால் உப்பைக் கூட்டிக் காட்டும் என்பதால், ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

பவளக் கல்லைத் தொடாதீர்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். துளைகள் நிறைந்த பீங்கான் கற்களிலும் பாக்டீரியா நன்றாகவே வளரும்.

கேள்வி: ஏ.சி. அறையில் வைத்திருக்கும் தொட்டியில் பி.எச். 7.8-க்கு மேல் ஏறுவதில்லை. சமையல் சோடா போடலாமா?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: ஒரு குவளைத் தொட்டி நீரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், காற்றுப் பம்பால் ஒரு மணி நேரம் குமிழவிட்டுச் சோதியுங்கள். பி.எச். ஏறினால், பூட்டிய அறையில் உங்கள் மூச்சிலிருந்து சேரும் கரியமில வாயுவே காரணம். ஜன்னலைச் சற்று நேரம் திறந்து வைத்தால் சரியாகும். ஏறாவிட்டால் மட்டும், பி.எச். சரியாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மையைப் பாருங்கள். அது 8 முதல் 12 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) வரை இருந்தால் சோடா வேண்டாம். மீன் மட்டுமே உள்ள தொட்டிக்கு 7.8 ஆபத்தான அளவன்று.