முகமூடி ஏன் வெடிக்கிறது?

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலூன் மேல் காகிதக்கூழும் மைதாப் பசையும் பூசிச் செய்த முகமூடிகள் காய்வதற்குள் விரிசல் விட்டு வெடித்துவிட்டன. சிலவற்றில் பூஞ்சை வேறு. என்ன தவறு? - ஓவிய ஆசிரியை, கடலூர்

பதில்: வெயிலில் வைத்திருப்பீர்கள். சூட்டில் பலூன் உப்பும், கூழோ சுருங்கும். வெடிக்காமல் என்ன செய்யும்? கவிழ்த்த கிண்ணத்தின் மேல் பாலிதீன் உறை விரித்துப் பூசுங்கள். ஊறவைத்து அரைத்த கூழைத் துணியில் இறுகப் பிழியுங்கள். உருண்டை பிடித்தால் நீர் கசியக் கூடாது. நான்கு கப் கூழுக்கு ஃபெவிகால் ஒரு கப், சாக்பவுடர் ஒரு கப். கனம் அரை சென்டிமீட்டர் போதும். மூக்கு, புருவமெல்லாம் முதல் பூச்சு காய்ந்த பிறகே. முதல் நாள் நிழலில், ஃபேன் காற்றில் உலரட்டும். கடற்கரை ஈரக்காற்றில் மைதா பூஞ்சை பிடிக்கும், விட்டுவிடுங்கள். பூஞ்சை வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கச் சொல்வார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கையில் வேண்டாம். புதுச்சேரி திருக்கனூர் காகிதக்கூழ்க் கலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. முடிந்தால் ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.